ஒதுங்க வேண்டியவர் யார்?

விடியற்காலை ஐந்தரை மணி. மேட்டுப்பாளையம் சாலையில் உதகைக்குச் செல்லும் வண்டிகளின் இரைச்சல் இன்னும் உச்சத்துக்கு ஏறவில்லை. குருடி மலைப் பக்கமிருந்து குளிர்காற்று வீசிக் கொண்டிருந்தது. துடியலூரில், எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவின் நடைபாதையில் ஏழெட்டுப் பேர் நடந்து கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னே நடந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். பஞ்சாலையில் முப்பதாண்டுக் காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய்க்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையோடு, நாள்தோறும் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்லை வேதவாக்காகக் கொண்டு நடப்பவர்.

எதிரே ஒரு நண்பர், தம் வளர்ப்பு நாயோடு வந்தார். நாயின் கழுத்திலே வார். ஆனால் இழுக்க இழுக்க நீளும் புதுவகை வார். நாய் புல்தரையின் இந்த ஓரத்திலே. அவர் பாதையின் அந்த ஓரத்திலே. நடுவிலே கண்ணுக்குத் தெரியாத கயிறு! பின்னாலிருந்து ஒரு சிறுவன், கியர் வைத்த சைக்கிளில் பறந்து வந்தான். மணி அடிக்கவில்லை. அடிக்க அவன் வண்டியில் மணியே இல்லை. நாய் பாய்ந்தது, கயிறு இறுகியது, சிறுவன் வண்டியை ஒடித்தான், பெரியவர் விழுந்தார். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. கூட்டம் கூடியது. “எங்க டைகர் ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா விளையாட்டுக்குத்தான் பாஞ்சுது” என்றார் நாய்க்குரியவர். “நான் ஓரமாத்தானுங்க வந்தேன்” என்றான் பையன், கண்ணில் நீரோடு. “பெரியவரு நட்டநடுவுல நடந்தா அவங்கதான் என்னங்க பண்ணுவாங்க? கொஞ்சம் ஒதுங்கி நடந்திருக்கலாமல்லொ?” என்று நியாயம் பேசினார் ஒருவர். கையைப் பிடித்துக் கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலைநிமிர்ந்து கேட்டார்: “நான் இன்னும் எங்கீங்க ஒதுங்கறது?”

அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த எவரிடமும் விடையில்லை.

மூவர் பக்கமும் நியாயம் உண்டு

பெரியவருக்காகப் பரிந்து, சைக்கிளையும் நாயையும் பூங்காவை விட்டே துரத்து என்று சொல்லிவிடலாம். எளிதான தீர்ப்பு, ஆனால் நேர்மையான தீர்ப்பு அல்ல.

சைக்கிள் என்ன, பணக்காரன் வீட்டுப் பொம்மையா? ஆலைச் சங்கு ஊதினால், கோவைச் சாலைகளில் சாரை சாரையாகச் சென்றவை சைக்கிள்கள்தாமே! தூக்குப்போசியைக் கைப்பிடியில் மாட்டிக் கொண்டு முதல் ஷிப்டுக்குப் போன தொழிலாளியின் குதிரை அது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள் பல்லாயிரம் பெண்கள். கல்குவாரிப் பெண்ணும் கூலி வேலைப் பெண்ணும் ஆண் துணைக்குக் காத்திராமல் ஊர்விட்டு ஊர் சென்றனர். இன்றும் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அரசே விலையின்றிச் சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளை அதை எங்கே ஓட்டுவது? லாரியும் பேருந்தும் முட்டி மோதும் மேட்டுப்பாளையம் சாலையிலா?

நாயும் நமக்கு அந்நியமல்ல. கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளை என்றால், கட்டுத்தறியில் மாடும், வாசலில் நாயும் இல்லாமல் இராது. ஆடு மாட்டுக்குக் காவல், அறுவடைக்குக் காவல், இரவிலே தண்ணீர் கட்டப் போகும் உழவனுக்குத் துணை! இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் சொல்லி வளர்த்த நாடு இது. ஆனால் தோட்டம் மனையாயிற்று; மனை மாடி வீடாயிற்று. பத்து ஏக்கரில் ஓடிய நாய் இன்று மூன்றாவது மாடியில் முடங்கிக் கிடக்கிறது. அதற்கும் கால் நீட்ட இடம் வேண்டும்; காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெளியே அழைத்து வராமல் அடைத்து வைப்பதுதான் கொடுமை.

நடப்பவர் நிலையோ சொல்ல வேண்டியதில்லை. சாலையோர நடைபாதையைக் கடைப் பலகை பிடித்துக் கொண்டது. மிச்சத்தை நிறுத்திய மோட்டார் சைக்கிள் பிடித்துக் கொண்டது. 2011-இல் துடியலூர் பேரூராட்சி கோவை மாநகராட்சியோடு இணைந்தது. அதன் பிறகு வீடு பெருகியது, கார் பெருகியது. நடக்கும் இடம் மட்டும் பெருகவில்லை. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதையைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்ல வேண்டி வந்தது. நடப்பதற்கே நீதிமன்றம் போக வேண்டிய காலம்!

ஆக, மூவரையும் பெருஞ்சாலை தள்ளிவிட்டது. மூவரும் ஒரு சிறு பாதையில் வந்து முட்டிக் கொள்கிறார்கள். விரட்டியவன் வெளியே; விரட்டப்பட்டவர்களுக்குள்ளே சண்டை உள்ளே! இதைப் புரிந்து கொண்டால் பாதிக் கோபம் தணியும்.

‘ஒதுங்கு’ என்ற சொல்லின் வரலாறு

“ஒதுங்கி நடந்திருக்கலாமல்லொ?” என்றாரே அந்த நண்பர், அது சிறிய சொல்லன்று. இந்த நாட்டிலே அதற்கு நீண்ட வரலாறு உண்டு. வலியவன் வந்தால் எளியவன் ஒதுங்க வேண்டும். மேல்சாதிக்காரன் வந்தால் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவன் வழிவிட வேண்டும். இதுதான் நம் தெருக்களின் பழைய சட்டம். வைக்கத்திலே கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம். மனிதன் நடக்கக் கூடாது என்றிருந்தது. அந்தத் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் போராட்டம் மூண்டது. பெரியார் சென்று சிறைப்பட்டார். அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச்சாலையில், பொதுக்கிணற்றில், பொது இடத்தில் எவரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நூறாண்டுக்கு முன்பு அவ்வளவு பாடுபட்டுத்தான் ‘பொதுவழி’ என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. அந்தப் பொதுவழியிலே இன்று வேகத்தின் பேராலும், வார் நீளத்தின் பேராலும், “கிழவரே, ஒதுங்கும்!” என்று சொல்வோமானால், பழைய சட்டத்துக்கே புதுச்சட்டை மாட்டுகிறோம் என்றுதான் பொருள்.

அப்படியானால் ஒதுங்க வேண்டியவர் யார்? எவரால் மற்றவருக்குக் கேடு விளையக் கூடுமோ, அவர்தாம் முதலில் ஒதுங்க வேண்டும். கார்க்காரன் சைக்கிள்காரனுக்கு, சைக்கிள்காரன் நடப்பவனுக்கு, நடப்பவருக்குள்ளும் திடமானவன் தள்ளாதவருக்கும் குழந்தைக்கும். நாயின் பற்களுக்குப் பொறுப்பு நாயல்ல. வாரைப் பிடித்த கை.

இது என் கற்பனைக் கோட்பாடு அல்ல. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதிநூலைத் திருத்தியபோது இதையே தலையில் எழுதி வைத்தது: மிகுந்த கேடு செய்யக் கூடியவருக்கே மிகுந்த பொறுப்பு. சைக்கிளும் நடையும் கலந்த பாதையில் சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். நாயைக் குறுகிய வாரில் பிடிக்க வேண்டும் என்கிறது அந்நூல்.

தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரின் பாடம் இன்னும் கூர்மையானது. அங்கே 2019 செப்டம்பரில், மிதிவண்டியில் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், மின்விசையில் ஓடும் உந்துவண்டி மோதி இறந்தார். அந்த நவம்பர் மாதமே நடைபாதைகளில் அவ்வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. நடைபாதையில் சைக்கிளின் வேகத்துக்கும் வரம்பு உண்டு: மணிக்கு 10 கிலோமீட்டர். ஓர் உயிர் போன பிறகு விழித்துக் கொண்டார்கள் அவர்கள். நாம் ஒரு மணிக்கட்டோடு விழித்துக் கொள்ளலாமே!

வேகத்தின் கணக்கு

சைக்கிள் ஓட்டும் தம்பிகளுக்குச் சில கணக்குகள். நடப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகிறார். நீ 20 கிலோமீட்டரில் வருகிறாய். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் தாண்டுகிறாய். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னும் சில மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால் மோதலின் வலிமை இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. இருபது வயதில் விழுந்தால் சிராய்ப்பு. எழுபது வயதில் விழுந்தால் எலும்பு முறிவு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை.

முன்னொரு காலத்தில் சைக்கிளுக்கு உள்ளாட்சியின் உரிம வில்லை வேண்டும். இரவிலே விளக்கு வேண்டும். விளக்கில்லாமல் வந்தாலும், இருவர் ஏறி வந்தாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். டைனமோ சுற்றாத சைக்கிளைத் தள்ளிக் கொண்டே வீடு வந்த கதை, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்று இலட்ச ரூபாய் விலையிலும் சைக்கிள் உண்டு. ஆனால் சில நூறு ரூபாய் மணி அதில் இல்லை! மணி அடிப்பது அதட்டல் அல்ல, அறிவிப்பு. அதையும் காதருகே வந்து அடிக்காதே. தொலைவிலேயே அடி, அவர் திரும்பிப் பார்க்க நேரம் கொடு. கடக்கும்போது நடையின் வேகத்துக்கு இறங்கு. வேகமாய் ஓட்டிப் பயிற்சி பெற வேண்டுமா? நல்லது, பெறு. அதற்கு இடம் பூங்கா நடைபாதை அல்ல.

‘ஒண்ணும் பண்ணாதுங்க!’

நாய் வளர்ப்போர் எல்லோரும் சொல்லும் சொல் இது. பொய்யும் அல்ல. உன்னை ஒன்றும் செய்யாது. உன் வீட்டுக் குழந்தையை ஒன்றும் செய்யாது. ஆனால் சட்டெனக் கடக்கும் சக்கரத்தைக் கண்டால் துரத்துவது நாயின் பிறவிக் குணம். ஓசையின்றிப் பின்னால் வருபவரைக் கண்டால் அஞ்சுவதும், அஞ்சினால் கடிப்பதும் அதன் இயல்பு. நாய்க்குப் பழக்கம் கற்றுத் தரலாம். முன்பின் தெரியாத பெரியவருக்கு உன் நாயின் குணம் எப்படித் தெரியும்?

2024 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், வார் இல்லாமல் வந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள். பூங்காவே அவளுக்கு வீடு! யாருடைய பொழுதுபோக்குக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடியோடு போகிற செய்தியும் அல்ல இது. நம் துடியலூர் வழியாகச் செல்லும் மேட்டுப்பாளையம் சாலை எங்கே போகிறது? மலையேறிக் குன்னூருக்குப் போகிறது. அங்கே இருக்கிறது பாஸ்டர் ஆய்வு நிலையம். பிரான்சிலே லூயி பாஸ்டர் 1885-இல் வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசி கண்டார். ஆனால் 1902-இல் தென்னாட்டிலே வெறிநாய் கடித்த ஓர் ஆங்கிலப் பெண்ணுக்குச் சிகிச்சை தர இங்கே நிலையம் இல்லை. இமயமலைச் சாரலில் கசௌலிக்குத்தான் போக வேண்டும். அவர் இறந்தார். அதன் பிறகே, அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணையோடு 1907-இல் குன்னூர் நிலையம் எழுந்தது. நாய் கடித்தவரை ஏற்றிக் கொண்டு எத்தனை குடும்பங்கள் அந்த மலைப்பாதையில் அழுது கொண்டே போயிருக்கும்! தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற நடுக்கம் நம் பாட்டன் காலத்தது. இன்று ஊசி கையில்தான். கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அரசு மருத்துவமனையில் விலையின்றிப் போடுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும், 2024-இல் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர் ஏறத்தாழ 4.8 இலட்சம் பேர். வெறிநோயால் மாண்டவர் 43 பேர். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மருந்து இல்லை, மரணம்தான். எனவே, கடித்தால், கீறினால், மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வளர்ப்பு நாய்தானே என்று வாளாவிருக்காதீர்கள்.

நாய்க்குரியவரின் கடமை எளியது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் ஊசி. பாதையிலே ஒன்றரை மீட்டருக்கு மிகாத வார். எவரேனும் எதிர்ப்பட்டால் நாயைத் தம் பக்கம் இழுத்து நிறுத்தும் பழக்கம். கையிலே ஒரு பை. நாய் செய்ததை எடுத்துப் போடுவது இழிவல்ல. விட்டுப் போவதுதான் இழிவு. அதிலிருந்து பரவும் புழு, மண்ணில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. அதைக் கடைசியில் அள்ளுவது யார்? தூய்மைப் பணியாளர்தானே! உங்கள் செல்லத்தின் கழிவை அள்ளுவதற்கென்றே ஒரு சாதியை ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது என்று நினைவிருக்கட்டும். சட்டமும் சும்மா இல்லை. தன்னிடமுள்ள விலங்கினால் பிறருக்கு ஊறு நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

தெருநாய்களின் சிக்கல் தனி. 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஆணைகள் பிறந்த செய்தி அது. அதைப் பேசித் தீர்க்கும் வரை, வீட்டு நாய்க்கான கடமையைத் தள்ளிப் போடுவதற்கில்லை.

நடப்பவர்க்கும் ஒரு சொல்

நடப்பவர் எளியவர், ஆனால் எளியவர் என்பதற்காகக் கடமை இல்லாதவர் அல்லர். நால்வர் கைகோத்துப் பாதையை அடைத்துக் கொண்டு, பையன் மணியடித்தாலும் திரும்பாமல், தேர்தல் கணக்குப் பேசிக் கொண்டு நடக்கிறோமே, அது என்ன நியாயம்? காதிலே இரண்டு பக்கமும் பாட்டுக் கருவியை அடைத்துக் கொண்டு, பிறகு “மணி அடிக்கவில்லை” என்று குறைப்படலாமா? இடப்புறமாக நடப்போம், திரும்பும் முன் ஒருமுறை பின்னால் பார்ப்போம். பிறர் நாயைக் கேளாமல் தொடாதிருப்போம். நம் குழந்தைகளுக்கும் அதைக் கற்றுத் தருவோம். நாய் துரத்தினால் ஓடாமல் நிற்க வேண்டும். சைக்கிளில் இருந்தால் இறங்கி, வண்டியை நடுவே வைத்துக் கொள்ள வேண்டும் என்பதையும் பள்ளியிலேயே சொல்லித் தரலாம்.

பாதையும் பேச வேண்டும்

மனிதரின் நற்குணம் ஒன்றை மட்டும் நம்பிப் பாதை அமைப்பது, பிரேக்கை நம்பாமல் கடவுளை நம்பி வண்டி ஓட்டுவது போலத்தான். கோவையின் ரேஸ்கோர்ஸ், பெயரே சொல்வது போல, வெள்ளையர் காலத்தில் குதிரை ஓடிய இடம். அன்று துரைமாரின் குதிரைக்கு. இன்று மக்களின் கால்களுக்கு. சுமார் இரண்டரைக் கிலோமீட்டர்ச் சுற்றில் காலை மாலை ஊரே நடக்கிறது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளங்களின் கரைகளிலும் சீர்மிகு நகரத் திட்டத்தில் நடைக்கும் சைக்கிளுக்கும் வழி அமைத்தார்கள். மாநகரின் நடுவில் நடந்தது, மாநகரோடு சேர்ந்த துடியலூருக்கும் வெள்ளக்கிணறுக்கும் கவுண்டம்பாளையத்துக்கும் வர வேண்டும்.

கேட்பது பெரிய காரியம் அல்ல. அகலமுள்ள பாதையில் நடைக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு. அகலமில்லாத பாதையில் நேரப் பங்கீடு: விடியலில் நடப்போர், பிறகு சைக்கிள் பிள்ளைகள். கோடு போட்டாலும் சந்திக்கும் முனையில் வேகம் தணிக்கும் மேடு. பூங்காவின் ஒரு மூலையில், வேலியிட்டு, நாய்களை அவிழ்த்து விட ஓர் இடம். நல்ல தமிழில், பெரிய எழுத்தில், வாயிலிலே ஒரு பலகை. விளக்கு. குப்பைத்தொட்டி. ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகும் பணத்தில் எத்தனை பூங்காவுக்கு இதைச் செய்யலாம்! கேட்டுப் பெற வேண்டியது மக்களின் பொறுப்பு. பகுதிக் கூட்டத்தில் கேளுங்கள், மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள். நடப்போர், சைக்கிள்காரர், நாய் வளர்ப்போர் என்று மூன்று மனுவாக அல்ல. மூவரும் கையெழுத்திட்ட ஒரே மனுவாக!

அந்தப் பெரியவரின் மணிக்கட்டு கூடிவிட்டது. கட்டு அவிழ்த்து மாதம் ஒன்றாகிறது. ஆனால் அவர் பூங்காவுக்கு வருவதில்லை. மொட்டை மாடியிலே, துணி காயும் கொடிகளுக்கு நடுவே, பதினைந்து அடி போய்ப் பதினைந்து அடி திரும்பி, நடந்து கொண்டிருக்கிறார். பார்க்கப் போனேன். “பயமா இருக்குதுங்க” என்றார். ஆலையிலே இரைச்சலுக்கும் இயந்திரத்துக்கும் அஞ்சாத மனிதர்!

ஒதுங்கு, ஒதுங்கு என்று சொல்லி, அவரை மாடி வரை ஒதுக்கிவிட்டோம். இதற்கு மேலே வானம்தான் இருக்கிறது. சைக்கிள் தம்பி மணியோடு வரட்டும். டைகரின் தலைவர் குறுகிய வாரோடு வரட்டும். நானும் என் நண்பர்களும் பாதையை அடைக்காமல் வருகிறோம். நால்வருமாகப் போய் அந்த மாடிப்படியின் கீழே நின்று, “வாங்க ஐயா, போலாம்” என்று கூப்பிட வேண்டும். அவர் இறங்கி வர வேண்டும். அன்றுதான் அது பொதுவழி.